மஞ்சத்தண்ணிக்குள் ஒரு வெள்ளை நூல்

"உட்காருங்க" என்று சொன்னால் எழுந்து நிற்கிற ஆள் வயிரவன். திருமயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு பைப் கடை. மோட்டார், ஃபுட் வால்வு, எல்போ, வாஷர் என்று தோட்டம் வைத்திருப்பவனுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். கல்லாவுக்குப் பின்னால் நல்ல சுழல் நாற்காலி ஒன்று கிடக்கிறது. மகள் கௌசல்யா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அதைச் சுற்றி வந்த பாலிதீன் உறை இன்னும் கிழியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் இலை போட்டால் பாயசம் வருவதற்குள் மனுஷன் கை கழுவிக்கொண்டிருப்பார். "இவுக பொறந்த நேரம் வாசல்ல பஸ்சு ஆரன் அடிச்சிருக்கும்" என்பாள் அவர் மனைவி.

ஐம்பது தாண்டியும் இப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தார். எது துரத்துகிறது என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. போன வருஷம் ராங்கியத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் அதற்கு வினை வந்தது.

பந்திக்குக் காத்திருந்தபோது தூரத்துப் பங்காளி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உடனே வயிரவன் எழுந்துவிட்டார். அவர் விடவில்லை. நின்றவரிடமே சொன்னார்.

"சேதி தெரியுமா? நம்ம சூர்யநாராயணனுக்கு ரொம்ப முடியலையாம். திருச்சியில சேத்திருக்காக. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடம் வறண்டு போச்சாம். கூடப் பொறந்தவுக யாராச்சும் இருந்து, டி.என்.ஏ. பொருந்தி வந்தா, அவுகள்ட்ட இருந்து மஜ்ஜை எடுத்து ஏத்திப் பொழைக்க வச்சிரலாமாம். இவுகளுக்குப் பொண்டாட்டி, பிள்ளைகுட்டின்னும் யாரும் இல்ல. டாக்டர் கேட்டதுக்கு, நான் ஒத்தப் பிள்ளைன்னு சொல்லிட்டாகளாம், பாவம்."

ஒத்தப் பிள்ளையாம். கேட்டுக்கொண்டு நின்ற வயிரவன்தான் அந்த ஒத்தப் பிள்ளையின் கூடப் பிறந்த தம்பி. சொன்னவருக்கும் அது தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். அதனால் தகவலைக் காதில் போட்டுவிட்டு, அப்பளம் பொரிகிற வாசனை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவர் போல எழுந்து போய்விட்டார். சாமர்த்தியக்காரர்.

எங்கள் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் பிள்ளை இல்லாவிட்டால் பிள்ளை கூட்டுவார்கள். ஊருக்கெல்லாம் அது தத்து. அவர்களுக்குக் கூட்டுவது. ஒரே கோவிலைச் சேர்ந்த பங்காளி வீட்டில் இரண்டு ஆண் பிள்ளைகள் இருந்தால் ஒன்றைக் கேட்டு, பங்காளிகள் கூடியிருக்க, அந்தப் பிள்ளைக்கு மஞ்சத்தண்ணி குடிக்கக் கொடுப்பார்கள். குடித்துவிட்டால் முடிந்தது. அன்றிலிருந்து அது இந்த வீட்டுப் பிள்ளை. பிள்ளை இல்லாத பொன்னம்மாள் அப்படித்தான் ஒன்பது வயது வயிரவனைக் கூட்டினார்.

வெள்ளித் தம்ளரில் இருந்ததைப் பையன் ஒரே மூச்சில் குடித்தான். "அம்புட்டுத்தான், இனிமே ஒனக்கு ரத்தமே மாறிரும்" என்று கூட்டத்தில் யாரோ விளையாட்டுக்குச் சொன்னார்கள். பையன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்துப் புது வீட்டு வளவு முற்றத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோது, மஞ்சளாக வருகிறதா என்று குனிந்து பார்த்தான். சிவப்பாகத்தான் வந்தது. இன்னும் மாறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டான்.

மாறியதெல்லாம் முறைப்பேச்சுதான். பெற்ற ஆத்தா பெரியாத்தா ஆனார். அண்ணன் சூர்யநாராயணன் பெரியப்பா மகன் ஆனான். அந்த வருஷம் கோவில் திருவிழாவில் பெரியாத்தாவைக் கூட்டத்தில் கண்டதும் பையன் பழக்கதோஷத்தில் "ஆத்தா" என்று கூப்பிட்டுவிட்டான். அந்த அம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்காதவர் போலத் திரும்பி, பக்கத்தில் நின்றவரிடம் பூ என்ன விலை என்று விசாரித்தார். கெட்டவர் இல்லை, கொடுத்த பிள்ளையைக் கொடுத்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர். ஆனால் ஒன்பது வயசுக்கு அது எப்படிப் புரியும்? வயிரவன் அன்றைக்கு ஓட ஆரம்பித்ததுதான். அந்த அம்மாள் இறந்தபோதுகூடக் கொள்ளி வைத்தது சூர்யநாராயணன். வயிரவன் பங்காளிகளோடு பங்காளியாக நின்றுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கடையைத் திறக்கப் போய்விட்டார்.

பொன்னம்மாளைக் குற்றம் சொன்னால் நாக்கு அழுகிப் போகும். அப்படி வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் எவனோ "கூட்டியாந்த பிள்ளை" என்று கேலி பேசினான் என்று தெரிந்து, அவன் வீட்டு வாசலிலேயே போய் நின்று சண்டை போட்டவர். அந்தச் சண்டையைப் பார்த்ததிலிருந்து வயிரவன், பிறந்த வீட்டுப் பேச்சை ஆத்தா முன்னால் எடுத்ததே கிடையாது. ஆண்பிள்ளைக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்கிறதா என்ன?

இப்போது அண்ணன் படுத்திருக்கிறான். போய்க் கையை நீட்டினால் ஒருவேளை பிழைப்பான். போக வேண்டுமென்றால் ஆத்தாவிடம் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது? நீங்கள் கொடுத்த மஞ்சத்தண்ணி பலிக்கவில்லை என்றா?

அந்த நாட்களில் வயிரவனைப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. ஒரு இஞ்ச் எல்போ கேட்டவனுக்கு முக்கால் இஞ்ச் கொடுத்தார். திருச்சிக்குப் போகிறேன் என்று பஸ் ஏறி, கீரனூரில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று திரும்பி வந்தார். ஒரு தடவை அல்ல. கடைக்குள் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்து நடந்து, வேலைக்கு இருந்த முத்துராஜ் "அண்ணே, எனக்குக் கண்ணு வலிக்குது" என்று சொல்லிவிட்டான்.

கௌசல்யா புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்க, வயிரவன் மூன்றாவது தடவையாக அந்தப் பக்கம் வந்தார்.

"ஏம்மா, இந்த டி.என்.ஏ.ங்கிறாகளே, அதைக் கண்ணால பாக்க முடியுமா?"

"எதுக்குப்பா?"

"சும்மாதான்."

அவளுக்குத் தெரியும். சொந்தக்காரர்களின் வாட்ஸப்பில் சேதி வந்து பல நாளாகிறது. தெரியாததுபோல், "ஒத்தையாப் பாக்க முடியாது. கோடி கோடியாச் சேந்து திரண்டு வந்தா பாக்கலாம். வாங்க, ஒங்களுதையே எடுத்துக் காட்டுறேன்" என்றாள்.

வயிரவன் பயந்துபோய், "ஊசியா?" என்றார்.

"ஒண்ணும் வேணாம். வாயைக் கொப்புளிங்க போதும்."

அடுப்படிக்குப் போனார்கள். உப்புத் தண்ணீரைக் கொடுத்து, வாய்க்குள் நன்றாக அலசி, கன்னத்தை நாக்கால் தேய்த்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் துப்பச் சொன்னாள். பாத்திரம் விளக்குகிற சோப்புத் திரவத்தை அதில் கொஞ்சம் விட்டு, நுரை வராமல் மெதுவாகக் கலக்கினாள். அந்தத் திரவம் எலுமிச்சம்பழ மஞ்சள். தம்ளரில் இருந்ததெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

"வாயில உதிர்ந்த செல்லோட தோலை சோப்பு ஒடைச்சிரும். உள்ள இருக்கறது தண்ணியில கரைஞ்சு கெடக்கும். இப்பப் பாத்தா ஒண்ணும் தெரியாது."

தெரியவில்லைதான். பிறகு குளிர்பெட்டியில் முன்னாடியே வைத்திருந்த ஸ்பிரிட்டை எடுத்து, தம்ளரைச் சாய்த்து, ஓரமாக வழியவிட்டாள். கீழே மஞ்சள், மேலே தெளிந்த ஸ்பிரிட், இரண்டும் கலக்காமல் நின்றன.

"இப்ப ஆட்டாம இருங்கப்பா. கொஞ்ச நேரம்."

ஆட்டாமல் இருப்பதா? வயிரவனா? தம்ளரைத் தொடாமல் இருக்க இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். மகள் புத்தகத்தில் பார்த்த படம் அவர் மனசில் இருந்தது. முறுக்கிய ஏணி, சிவப்பும் நீலமுமாகப் படிகள். அப்படி ஏதோ ஒன்று, சின்னதாக, அழகாக ஏறி வரும் என்று எதிர்பார்த்தார்.

ஏணி வரவில்லை. மஞ்சளும் தெளிவும் சந்திக்கிற இடத்தில் மெல்லிய வெள்ளைப் புகை மாதிரி ஒன்று கிளம்பியது. புகை கொஞ்சம் கொஞ்சமாக நூலாகியது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, குட்டிக் குட்டிக் குமிழியோடு மேலே ஏறி, ஸ்பிரிட்டுக்குள் தொங்கியது. பாதி வெந்த முட்டையின் வெள்ளைக் கரு வெந்நீரில் இழை இழையாகப் பிரிந்து மிதக்குமே, அப்படி.

"இதுவா?" என்றார் வயிரவன்.

"இதுதான்."

"சளி மாதிரியில்ல இருக்கு."

கௌசல்யா சிரித்துவிட்டாள். ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விட்டு மெல்லச் சுழற்றினாள். வெள்ளை நூல் குச்சியில் சுற்றிக்கொண்டு, தூக்கியபோது வழவழவென்று தொங்கியது. வயிரவன் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"ஏம்மா, இதே மாதிரி சூர்ய... அவுகளுதையும் எடுத்துப் பக்கத்துல வச்சா, ரெண்டும் ஒண்ணான்னு தெரியுமா?"

"பாத்தாத் தெரியாதுப்பா. வாழைப்பழத்துல எடுத்தாலும் இப்படித்தான் வெள்ளையா, கொழகொழன்னு வரும். ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம்னு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதை லேப்ல வச்சுத்தான் படிக்கணும்."

மனுஷனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் தம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் பொன்னம்மாள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் வந்தார். எண்பதை நெருங்குகிற வயசு, பார்வை மட்டும் கழுகு. மேடையில் இருந்த தம்ளரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னடி இது, மஞ்சத்தண்ணி?"

"மஞ்சத்தண்ணி இல்ல அப்பத்தா. பாத்திரம் வெளக்குற சோப்பு."

"உள்ள வெள்ளையா நிக்கிதே, அது?"

கௌசல்யா அப்பாவைப் பார்த்தாள். பிறகு துணிந்து சொன்னாள். "அது அப்பாவோடது. பொறக்கும்போதே ஒடம்புல இருந்தது. என்ன குடிச்சாலும் மாறாது."

பொன்னம்மாள் தம்ளரைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். மஞ்சளுக்கு மேலே அந்த வெள்ளை நூல் லேசாக ஆடியது. தம்ளரை வைத்துவிட்டு, வந்த தாகத்தையும் மறந்து, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம்வரை அந்தக் கதவுக்கு முன்னால் எத்தனை தடவை நடந்தாரோ. விளக்கு ஏற்றுகிற நேரத்தில் கதவு தானாகத் திறந்தது.

"என்னத்துக்கு வாசல்ல அளந்துக்கிட்டு நிக்கிற? கேக்க வேண்டியதைக் கேளு."

"ஆத்தா... ஒரு உத்தரவு வேணும்." நிலைப்படியைத் தொட்டுவிட்டு ஓரடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தார். "திருச்சியில, அவுக, பெரியப்பா மகன்..."

"தெரியும். எனக்கும் காது இருக்கு" என்றார் பொன்னம்மாள். வெகுநேரம் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "டெஸ்ட் எடுக்கப் போகும்போது வண்டியில எனக்கும் எடம் வையி."

எதற்கு என்று கேட்க வயிரவனுக்குத் தைரியம் இல்லை. நம்மைக் காவல் காக்க வருகிறார்களோ என்று பயந்தார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

கௌசல்யா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்தாள். புதுக்கோட்டையிலேயே ஒரு லேபில் ரத்தம் கொடுத்தால் போதும், அங்கிருந்து அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம். ஆத்தாவும் மகனும் மட்டும் போனார்கள். லேபில் இருந்த பெண்ணின் பெயர் ஷர்லி என்று சட்டையில் குத்தியிருந்தது. பொன்னம்மாளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு வயிரவனிடம் திரும்பினாள்.

"பேஷண்ட் சூர்யநாராயணனுக்கு நீங்க என்ன வேணும் சார்?"

வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் ஒன்பது வயசிலிருந்து பழகிய நாக்கு அது. முந்திக்கொண்டது.

"பெரியப்பா மகன்."

ஷர்லி கையில் எடுத்த ஊசியைத் திரும்ப வைத்துவிட்டாள். "கசினா? கூடப் பொறந்தவங்கன்னுதான சார் எங்களுக்குச் சொன்னாங்க. பெரியப்பா மகனுக்குப் பொருந்துறது ரொம்ப அபூர்வம். தப்பா வந்துட்டீங்கபோல. எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துக்கலாமே."

இல்லை, தப்பில்லை, அவன் என் அண்ணன். ஐந்தே வார்த்தை. வயிரவன் வாயைத் திறந்தார். பக்கத்தில் ஆத்தா உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டார். வெளியே போய் ரோட்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மறுபடி வெளியே போனார். ஒரு டீயை வாங்கிப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். ஷர்லிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

பொன்னம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"இந்தா தாயி, அவனுக்குச் சொல்ல வராது. நான் சொல்றேன், எழுதிக்க. இவனும் அந்தப் பேஷண்டும் ஒரு வயித்துப் பிள்ளைக."

"அப்ப நீங்க ரெண்டு பேருக்கும் அம்மாவா ஆச்சி?"

"நான் பெறல." அந்த வார்த்தையை அந்த அம்மாள் தன் ஆயுசில் முதல் தடவையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, குரல் பிசிறியதை இருமலில் மறைத்துக்கொண்டார். "கூட்டியாந்தேன். ஊசியைப் போடு."

வயிரவன் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டார். அழுதார். ஷர்லி, வலிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, "அவ்வளவுதான் சார், முடிஞ்சுது" என்றாள்.

முடிவு வருவதற்குள் வீட்டில் அத்தனை பேரும் வயிரவன் ஆகிவிட்டார்கள். போன் அடித்தால் மூன்று பேர் ஓடினார்கள். அந்த வெள்ளை நூலில் என்ன எழுதியிருக்கிறதோ, எவர் படித்துக்கொண்டிருக்கிறாரோ என்று வயிரவனுக்கு ராப்பகலாக அதே நினைப்பு. கூடப் பிறந்தாலும் நாலில் ஒருவருக்குத்தான் பொருந்தும் என்று கௌசல்யா முன்னெச்சரிக்கையாகச் சொல்லி வைத்திருந்தாள். அது அவரை இன்னும் நடக்க வைத்தது.

போன் வந்தது ஒரு காலை நேரத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து அல்ல. சூர்யநாராயணனே பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வயிரவனுக்குப் பதற்றத்தில் எந்தப் பொத்தானில் விரல் பட்டதோ, பேச்சு வளவு முழுக்கக் கேட்டது.

"பத்துக்குப் பத்தும் பொருந்திருச்சாம்ப்பா. டாக்டர் என்னைத் திட்டுறாரு, எதுக்கு ஒத்தப் பிள்ளைன்னு பொய் சொன்னேன்னு. பொய்யாப்பா அது? கொடுத்த பிள்ளையை எப்படி எங்க பிள்ளைன்னு சொல்றது?" மூச்சு வாங்கினார். "நீ ஒங்க ஆத்தாட்டக் கேட்டுட்டியா? அவுக மனசு நோகும்னா வேணாம்ப்பா. நான் பாத்துக்கிறேன்."

என்னத்தைப் பார்த்துக்கொள்வார், எலும்பு வறண்டு படுத்திருப்பவர்?

"கேட்டுட்டேண்ணே" என்றார் வயிரவன். அண்ணே என்ற சொல் தானாக வந்து விழுந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது.

திரும்பினால் பொன்னம்மாள் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"பத்துக்குப் பத்தா?"

"ஆமாத்தா."

"அப்ப நான் குடுத்த மஞ்சத்தண்ணி ஒண்ணுமில்லாமப் போச்சாக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வயிரவன் அந்த அம்மாளின் காலடியில், வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"பெரியாத்தா போட்டோவுக்கு முன்னால நின்னு ஒரு வார்த்தை கேட்டேனா ஆத்தா? ஒங்க பிள்ளையா இருக்கப்போயித்தான, ஒங்களைக் கேக்க முடியாம கீரனூர் வரைக்கும் போயிப் போயித் திரும்புனேன்."

பொன்னம்மாள் மகனின் தலையில் கை வைத்தார். பிறகு மூக்கைச் சேலைத் தலைப்பில் சிந்திக்கொண்டு, பழைய அதட்டலுக்குத் திரும்பினார்.

"சரி, போயிட்டு வா. பெத்தவ இருந்திருந்தா அவளும் இதைத்தான் சொல்லியிருப்பா. அவளுக்கும் சேத்து நானே சொல்லிட்டேன். அவனுக்கும் சமைச்சுப் போட ஆளு வேணும்ல. ஒடம்பு தேறி எந்திரிச்சதும் ஒங்க அண்ணனையும் இங்கிட்டுக் கூட்டியாந்துரு."

"இங்கயா ஆத்தா?"

"பெறகு எங்க? ஒண்ணைக் கூட்டுனேன். இன்னொண்ணையும் கூட்டிக்கிறேன். இந்தத் தடவ தண்ணியெல்லாம் ஒண்ணும் வேணாம்."